நாலு மணி நேர நாற்காலி

தெருவில் அவளை எல்லோரும் "சீட்டக்கா" என்றுதான் கூப்பிடுவார்கள். கார், வேன், மோட்டார் சைக்கிள் என்று எதற்கும் இருக்கை தைத்துக் கொடுப்பவள். சீட்டுத் தைக்கிற அக்கா நாளடைவில் சுருங்கிச் சீட்டக்கா ஆகிவிட்டாள். தெருவுக்குப் புதிதாகக் குடிவருகிறவர்கள் அந்தப் பெயரைக் கேட்டுவிட்டு, மாதம் எவ்வளவு கட்ட வேண்டும், முதல் சீட்டை யார் எடுப்பது என்று விசாரித்துக்கொண்டு கடை வாசலில் வந்து நிற்பதும் உண்டு. "நம்ம சீட்டுல உக்காரத்தாங்க முடியும், எடுக்க முடியாது" என்று சொல்லி அனுப்புவாள். பதினெட்டு வருஷமாக இதே பதில். அவளுக்கு இன்னும் அலுக்கவில்லை.

கடை என்றால் பெரிய கடை இல்லை. மெக்கானிக் ஷெட்டுக்கும் டயர் கடைக்கும் நடுவில், தகரக் கூரை போட்ட ஒரே அறை. உள்ளே கனத்த ரெக்சினையும் வெண்ணெய் மாதிரித் தைக்கும் ஒரு பழைய மெஷின், சுவரோரம் நிறுத்திய ஃபோம் பலகைகள், ஆணியில் தொங்கும் கத்தரிக்கோல்கள். உட்கார்ந்து பார்க்காமலே, ஒரு சீட்டை உள்ளங்கையால் அமுக்கிப் பார்த்து, உள்ளே ஃபோம் எத்தனை வருஷத்துக்கு முந்தையது என்று சொல்லிவிடுவாள்.

அந்த வருஷம் அவர்களுக்கு நேரம் சரியில்லை. அவள் கணவர் பதினொரு வருஷமாகப் பள்ளிக்கூட வேன் ஓட்டியவர். முதலாளி வேன்களை மொத்தமாக விற்றுவிட்டு, ஒரு சனிக்கிழமை சாவியைத் திருப்பி வாங்கிக்கொண்டார். மூன்று மாதமாக வேறு வேலை அமையவில்லை. மகள் கல்லூரியில் வேதியியல் இரண்டாம் வருஷம். ஆக, குடும்பம் மொத்தமும் அக்காவின் ஊசி முனையில் நின்றுகொண்டிருந்தது.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு முற்பகல் கணக்கு வாத்தியார் கடைக்கு வந்தார்.

அவர் ஓய்வு பெற்று மூன்று வருஷம் ஆகிறது. மகள் பத்தாம் வகுப்பில் கணக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, பள்ளி விட்டதும் அவளைத் தனியாக உட்காரவைத்து, கை நீட்டி ஒன்றும் வாங்காமல், ஒரு வருஷம் முழுக்கச் சொல்லிக்கொடுத்துக் கரை சேர்த்தவர். அதனால் அவரைக் கண்டதும் அக்கா மெஷினை நிறுத்தி எழுந்துவிட்டாள். ஆள் பாதியாக இளைத்திருந்தார். இடது முழங்கைக்குக் கீழே வெள்ளைத் துணிக்கட்டு.

"வாங்க சார், உக்காருங்க. என்ன சார் கையில கட்டு?"

"இதுவா? கிட்னி ரெண்டும் கையை விரிச்சிடுச்சும்மா. அதான் வாரத்துக்கு மூணு நாள் என் ரத்தத்தை வெளிய எடுத்துத் துவைச்சு, அலசி, திரும்ப உள்ள விடுறாங்க. பெரிய ஆஸ்பத்திரிக்குப் பின்னால டயாலிசிஸ் மையம் இருக்குல்ல, அங்கதான். ஒத்தப் பைசா வாங்குறதில்ல."

அவர் வந்த காரணமும் அந்த மையம்தான். பன்னிரண்டு மெஷின் இருக்கிறது, நன்றாக ஓடுகிறது. டாக்டர்கள் முறைவைத்துக் காசு வாங்காமல் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். ஆனால் நோயாளிகள் சாய்ந்து உட்காரும் நாற்காலிகள்தான் நோயாளிகளைவிட மோசமாகக் கிடக்கின்றன. புதிது வாங்க நன்கொடை திரட்டுகிறார்கள். உடம்பு இடம் கொடுக்கும் நாளில் வாத்தியாரும் ரசீதுப் புத்தகத்தோடு கிளம்பிவிடுகிறார்.

அக்காவின் கை தானாகவே இடுப்பில் செருகியிருந்த சுருக்குப் பர்ஸுக்குப் போனது. அதில் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் திறக்காமலே தெரியும். மகளுக்குத் தேர்வுக் கட்டணம் கட்டக் கடைசி நாள் நாளை.

"சார்... அடுத்த மாசம் வந்தீங்கன்னா..."

"அட, அதுக்கென்னம்மா. வாசல்ல வந்து கேக்குறது என் வேலை. குடுக்குறது உங்க சௌகரியம். பொண்ணு நல்லாப் படிக்கிறாளா?"

அவர் சிரித்துக்கொண்டேதான் போனார். ஆனால் அவளுக்கு முகம் சுண்டிப்போயிற்று. அதன்பின் நூலை ஊசியில் கோக்க மூன்று தடவை முயற்சி செய்ய வேண்டியிருந்தது.

மத்தியானம் சாப்பிடும்போது கணவரிடம் சொன்னாள். அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னாலதான் உனக்கு இந்த நிலைமை."

"உங்களை யாருங்க சொன்னா? வாத்தியாரு வந்து நிக்குறப்ப வெறுங்கையா நின்னேனேன்னுதான் வருத்தம்."

அவள் இரண்டு வாய் சாப்பிட்டாள். பிறகு தண்ணீர்க் குவளையைப் பட்டென்று கீழே வைத்தாள்.

"ஏங்க, அவங்க பணம் பணம்னா கேக்குறாங்க? நாற்காலி வேணும்னுதானே கேக்குறாங்க? எனக்கு இந்த உலகத்துல தெரிஞ்ச ஒரே சங்கதி அதுதானே!"

மறுநாள் காலை மையத்துக்குப் போனாள். நீளமான கூடம். இரண்டு வரிசையில் மெஷின்கள்; ஒவ்வொன்றிலிருந்தும் இரண்டு சிவப்புக் குழாய்கள் பக்கத்தில் சாய்ந்திருக்கும் ஆளின் கைக்குப் போயின. அக்கா முதலில் கதவோரமே நின்றுவிட்டாள். ஆனால் கண் பழக்கம் விடுமா? இரண்டே நிமிஷத்தில் அவள் ஆட்களை விட்டுவிட்டு நாற்காலிகளைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள். உறை வெடித்து, வெடிப்பில் பிளாஸ்டர் ஒட்டி, அந்தப் பிளாஸ்டரும் உரிந்திருந்தது. ஒரு பெரியவர் இடுப்புக்கடியில் தலையணை வைத்திருந்தார். ஒரு பெண் கால் தொங்காமல் இருக்க மருந்துப் பெட்டியின் மேல் குதிகாலை வைத்திருந்தாள். நாலு இடத்தில் நாற்காலியே இல்லை. சாதாரண இரும்புக் கட்டில்.

மையத்தின் செயலாளர் ஒரு தொழிற்சாலையில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர்தான், ஆனால் எதையும் இரண்டு தடவை உரசிப் பார்ப்பவர்.

"புதுசா நாலு நாற்காலிக்குச் சொல்லியாச்சும்மா. திரட்டினது அதுக்குத்தான் போதும். மிச்சம் எட்டுக்கு மறுபடி திரட்டணும்."

"அந்த எட்டையும் நான் தைச்சுத் தரேங்க. கூலி வேண்டாம். ரெக்சினும் ஃபோமும் மட்டும் வாங்கிக் குடுங்க."

"தப்பா நினைக்காதீங்கம்மா. இது ஆஸ்பத்திரி சாமான். கார் சீட்டு இல்ல."

"உக்காருறது மனுஷங்கதானேங்க?"

செயலாளருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடைந்து போன நாலு நாற்காலிகள் பின்னால் சாமான் அறையில் கிடந்தன. அதில் ஒன்றை எடுத்துப் போய்ச் செய்து காட்டும்படி சொன்னார். நன்றாக இருந்தால் மேலே பேசலாம்.

அக்கா தன் கைவரிசை முழுவதையும் அந்த ஒன்றில் இறக்கினாள். கடை திறக்கும் நேரம் ஒன்பது மணி. அதற்கு முன்னால் ஏழு மணிக்கே போய், தினமும் இரண்டு மணி நேரம் அதற்கென்று ஒதுக்கினாள். கணவர் கூடவே வந்து, துருப்பிடித்த பின்களைக் குறடால் ஒவ்வொன்றாகப் பிடுங்கிக் கொடுத்தார். விலையுயர்ந்த கார்களுக்கு மட்டுமே அவள் போடுகிற வைரத் தையல் ஒன்று உண்டு. குறுக்கும் நெடுக்கும் நூல் ஓடி, கட்டம் கட்டமாக ஃபோம் புடைத்து நிற்கும். அதைப் போட்டாள். ஓரத்துக்குக் கயிறு மாதிரி உருட்டிய வெள்ளைப் பைப்பிங் கொடுத்தாள். பத்தாம் நாள் நாற்காலி புது மாப்பிள்ளை மாதிரி நின்றது.

மையத்தில் இறக்கியதும் நோயாளிகள் குழாயோடு தலையை மட்டும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். "ராஜா சிம்மாசனம்!" என்றார் தலையணைப் பெரியவர். அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை.

மூத்த சிஸ்டர் நாற்காலி அருகே வந்தாள். பதினாறு வருஷமாக அந்தக் கூடத்தைக் கட்டி மேய்ப்பவள். அவள் நாற்காலியைக் குனிந்து பார்த்தாள். தையல் மேல் விரலை ஓட்டினாள். பிறகு உள்ளே போய், சிவப்பு மருந்தை ஒரு கரண்டித் தண்ணீரில் கலந்து கொண்டுவந்து, இருக்கையின் நடுவில் ஊற்றினாள். அக்கா பதறிப்போனாள்.

"ஐயோ, என்ன சிஸ்டர் பண்றீங்க!"

"ஒரு நிமிஷம் இருங்கக்கா."

சிஸ்டர் துணியால் நன்றாகத் துடைத்தாள். மேலே சுத்தமாகிவிட்டது. "இப்ப உறையைக் கொஞ்சம் தூக்குங்க."

அக்கா அடிப்பக்கப் பின்களை நெம்பி உறையைத் தூக்கினாள். வெள்ளை ஃபோமில், தையல் ஓடிய கோடெல்லாம் சிவப்புப் புள்ளிகள். ஊசி போன ஒவ்வொரு துளையிலும் மருந்து இறங்கியிருந்தது.

"இங்க சில நாள் ரத்தம் சிந்தும்க்கா" என்றாள் சிஸ்டர். "ஒருத்தர் எழுந்ததும் துடைச்சிட்டுத்தான் அடுத்தவரை உக்கார வைக்கிறோம். உள்ள இறங்கிட்டா எங்களால துடைக்க முடியாது. ஒருத்தர் நோய் இன்னொருத்தருக்குப் போயிடும். அழகு ரொம்ப அழகு. ஆனா இது எனக்கு வேண்டாம்."

பத்து நாள் உழைப்பு. அக்காவுக்கு நாக்கில் நாலு வார்த்தை துடித்தது. ஆனால் அந்தச் சிவப்புப் புள்ளிகளை மறுபடி ஒரு தடவை பார்த்துவிட்டு உறையை இறக்கினாள். செயலாளர் தொண்டையைச் செருமினார். "பரவாயில்லம்மா, முயற்சி பண்ணதே பெரிசு" என்றார். அந்த ஆறுதல்தான் அவளுக்கு எல்லாவற்றையும்விடச் சுருக்கென்று தைத்தது. சின்னப் பிள்ளைக்கு ஓட்டப்பந்தயத்தில் ஆறுதல் பரிசு கொடுப்பதுபோல!

இரண்டு நாள் கடை வேலையைத் தவிர வேறெதையும் தொடவில்லை. மூன்றாம் நாள் மறுபடியும் மையத்தில் போய் நின்றாள்.

"சிஸ்டர், நானும் நாலு மணி நேரம் உக்காரணும்."

"எதுக்குக்கா?"

"கார்ல போறவன் எப்படி உக்காருவான்னு எனக்குத் தெரியும். இவங்க எப்படி உக்காருறாங்கன்னு தெரியாமத்தான் தைச்சிட்டேன்."

சிஸ்டர் கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள். அன்று ஒருவர் வராததால் ஒரு பழைய நாற்காலி காலியாக இருந்தது, வாத்தியாருக்குப் பக்கத்திலேயே. அக்காவை அதில் சாய்த்து, இடது கையை நீட்டி, ஊசி மட்டும் இல்லாமல், ஒரு மரப் பலகைத் துண்டோடு சேர்த்து பிளாஸ்டர் போட்டாள். "கையை மடக்கக் கூடாது. எழுந்திரிக்கக் கூடாது."

"இன்னும் பத்து நிமிஷத்துல மூக்கு அரிக்கும் பாரு" என்றார் வாத்தியார்.

சொல்லி வைத்தாற்போல் அரித்தது. வலது கையால் சொறிந்துகொண்டாள். பிறகு இடது தோளில் அரித்தது. அதையும் எப்படியோ சமாளித்தாள். முதல் மணி நேரம் வேடிக்கையாகவே போயிற்று. இரண்டாவது மணி நேரத்தில் முதுகுத் தண்டின் அடி எலும்பு, தான் ஒன்று இருப்பதை அவளுக்குச் சொல்ல ஆரம்பித்தது. முழங்கை, கைப்பிடியின் விளிம்பில் நேராக உட்கார்ந்து குடைந்தது. கைப்பிடி இரண்டு விரல் உயரம் கூடுதல். அதனால் தோள் தூக்கிக்கொண்டு கழுத்து வரை இழுத்தது. குதிகால் மரத்தது. கொஞ்சம் நகரலாம் என்று பார்த்தால் கை கூடவே வரும், வரக் கூடாது.

பக்கத்தில் வாத்தியாரின் மெஷின் கீச்கீச்சென்று கத்தியது. சிஸ்டர் ஓடிவந்து அவர் கையை நேராக்கினாள்.

"என்ன சார் அது?"

"வலி பொறுக்காம கையைக் கொஞ்சம் அசைச்சேன். குழாய் மடிஞ்சா மெஷின் திட்டும். ஒரு நாளைக்கு ஏழு எட்டுத் தடவை திட்டு வாங்குறேன்மா. பள்ளிக்கூடத்துல நான் பசங்களைத் திட்டினதுக்கெல்லாம் இப்ப வட்டி கட்டுறேன்."

எதிர் வரிசையில், மருந்துப் பெட்டியில் கால் வைத்திருந்த பெண்ணுக்குத் திடீரென்று முகம் வெளுத்தது. ரத்த அழுத்தம் இறங்கிவிட்டது. சிஸ்டர் நாற்காலியின் பின்பக்கத்தைத் தட்டென்று தாழ்த்திக் காலைத் தூக்க முயன்றாள், நெம்புகோல் சிக்கிக்கொண்டது. இரண்டு பேர் சேர்ந்து இழுக்க வேண்டியதாயிற்று. அந்தப் பெண் தேறிக் கண் திறக்கும்வரை அக்கா அந்த நெம்புகோலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாலு மணி நேரம் முடிந்து பிளாஸ்டரைப் பிரித்தபோது அவளால் உடனே எழுந்திருக்க முடியவில்லை. வாத்தியார் வாரத்துக்கு மூன்று நாள் இப்படி உட்கார்ந்துவிட்டு, மிச்ச நாளில் ரசீதுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக நடந்திருக்கிறார்! அவள் இடுப்பிலிருந்த டேப்பை எடுத்து, அவருடைய முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை அளந்தாள். அப்புறம் எதிர் வரிசைப் பெண்ணுக்கு. அப்புறம் தலையணைப் பெரியவருக்கு. கூடத்தில் இருந்த அத்தனை பேரையும் அளந்துவிட்டுத்தான் வெளியே வந்தாள்.

அதிலிருந்து வேலை வேறு மாதிரி ஆயிற்று.

முதலில் துணி. சிஸ்டரிடமிருந்து அங்கே துடைக்கப் பயன்படுத்தும் பிளீச்சிங் தண்ணீரை ஒரு பாட்டிலில் வாங்கி வந்தாள். ஆறு வகை ரெக்சின் துண்டுகளை ஆறு பழைய ஜாம் பாட்டில்களில் ஊறப்போட்டு ஜன்னல் ஓரம் வரிசையாக வைத்தாள். மகள் அதைப் பார்த்துவிட்டு, ஒவ்வொன்றுக்கும் எண் ஒட்டி, தினமும் சாயங்காலம் எடுத்து மடக்கிப் பார்த்து நோட்டில் எழுதினாள்.

"அம்மா, எங்க லேப்ல கூட இவ்வளவு ஒழுங்கா யாரும் பண்ணமாட்டாங்க."

"நீ வாயைப் பேசாம மூணாம் நம்பரைப் பாருடி. பிசுபிசுன்னு இருக்கு."

பன்னிரண்டு நாளில் மூன்றாவது பிசினாகிவிட்டது. ஒன்றும் ஐந்தும் வெளுத்தன. இரண்டும் நாலும் மடித்த இடத்தில் கீறல் விட்டன. ஆறாவது மட்டும் போட்டது போட்டபடியே இருந்தது. ஆம்புலன்ஸ் படுக்கைக்குப் போடும் தடித்த ரகம் அது. ஊசிக்கு அடங்காது என்று தையல்காரர்கள் ஒதுக்கிவைப்பார்கள். அக்காவுக்கு ஊசியே தேவைப்படவில்லை. ஒரே துண்டாக வெட்டி, சூட்டுக் காற்றுத் துப்பாக்கியால் இளக்கி, மூலைகளில் இழுத்து, சுருக்கம் விழாமல் வளைத்து, அடியில் கொண்டுபோய் முடித்தாள். மேல்பக்கத்தில் ஒரு துளைகூடக் கிடையாது. எழுதும்போது ஒரு வரி. செய்யும்போது நாலு துண்டு பாழாகி, இரண்டு விரல் கொப்புளித்தது.

உள்ளே கீழே கெட்டி ஃபோம், மேலே மெது ஃபோம். முதுகுத் தண்டின் அடி எலும்பு வரும் இடத்தில் ஒரு கையகலம் குழித்துவிட்டாள். கைப்பிடியை இரண்டு மடங்கு அகலமாக்கி, நடுவில் கை தானாகப் படுத்துக்கொள்ள ஆழமில்லாத ஒரு பள்ளம் கொடுத்தாள். ஆனால் உயரம்? வாத்தியாருக்கு ஏற்ற உயரம் எதிர் வரிசைப் பெண்ணுக்கு ஆகாது. அங்கேதான் அவளுக்கு முட்டியது.

பின் பிடுங்கிக்கொண்டிருந்த கணவர் தலையைத் தூக்கினார். "இதுக்கா மண்டையைப் போட்டு உடைச்சுக்கிற? என் வேன்ல டிரைவர் சீட்டை எப்படி ஏத்தி இறக்குவேன்? குழாய்க்குள்ள குழாய். அஞ்சு ஓட்டை, ஒரு பின். அவ்வளவுதானே?"

அவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். "இத்தனை நாளா இதை ஏங்க சொல்லல?"

"நீ கேட்டாத்தானே? குறடைக் கையில குடுத்து மூலையில உக்கார வச்சிட்ட."

வேலை போனதிலிருந்து அவர் முகத்தில் அந்தப் பழைய குறும்பை அன்றுதான் பார்த்தாள். மறுநாளே பக்கத்து வெல்டிங் பட்டறையில் போய் நின்று, கூடவே இருந்து, குழாயை வெட்டி ஒட்டவைத்துக் கொண்டுவந்தார். சிக்கிக்கொள்ளும் நெம்புகோலைப் பிரித்துப்போட்டு, ஸ்பிரிங்கை மாற்றி, ஒற்றை விரலால் தட்டினால் பின்பக்கம் படுத்துக் கால்பக்கம் எழும்படி செய்தார். வெல்டிங்காரர் தன் பங்குக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். "நீங்க மட்டும் நல்ல பேரு எடுக்கலாம்னு பாத்தீங்களா?" என்று கேட்டார்.

இந்தத் தடவை நாற்காலி இறங்கியபோது யாரும் சிம்மாசனம் என்று சொல்லவில்லை. வெறும் சாம்பல் நிறம். பைப்பிங் இல்லை, கட்டம் இல்லை. சிஸ்டர் சிவப்பு மருந்தோடு தயாராக வந்தாள். ஒரு கரண்டிக்குப் பதில் அரை டம்ளர் ஊற்றினாள். துடைத்தாள். உறையைத் தூக்கச் சொன்னாள். ஃபோம் பால் மாதிரி வெள்ளையாக இருந்தது. சிஸ்டர் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "சாரை உக்கார வைக்கலாம்" என்று மட்டும் சொன்னாள்.

வாத்தியாருக்கு மூன்றாவது ஓட்டையில் பின் போட்டார்கள். ஊசி ஏற்றினார்கள். மெஷின் ஓட ஆரம்பித்தது. அக்காவும் கணவரும் சுவரோரமாக ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார்கள். அரை மணி ஆயிற்று, மெஷின் கத்தவில்லை. ஒரு மணி ஆயிற்று. மற்ற மெஷின்கள் அங்கங்கே கத்தின, வாத்தியாருடையது கத்தவில்லை. இரண்டாவது மணி நேரத்தில் ஒரு சத்தம் வந்தது. அக்கா துள்ளி எழுந்தாள்.

குறட்டை. வாத்தியார் வாயைத் திறந்து, கை பள்ளத்தில் படுத்திருக்க, சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.

"ரெண்டு வருஷமா இவருக்கு ஊசி போடுறேன்" என்றாள் சிஸ்டர் மெதுவாக. "இங்க இவர் தூங்கி நான் பார்த்ததே இல்ல."

நாலு மணி நேரத்தில் ஒரு தடவைகூட மெஷின் திட்டவில்லை. சிஸ்டர் அவருடைய தாளில் அதை எழுதும்போது அடியில் இரண்டு கோடு போட்டாள். சத்தமில்லாமல் வந்து பின்னால் நின்றிருந்த செயலாளர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"கார் சீட்டு இல்லன்னு சொன்னேனில்ல... அதை நான் திரும்ப வாங்கிக்கிறேன்மா" என்றார்.

"வேண்டாங்க. நீங்க சொன்னது சரிதான். நான்தான் முதல்ல கார் சீட்டு தைச்சேன்" என்றாள் அக்கா.

அந்த ஒரு நாற்காலி மாற்று ஆளாக நிற்க, மற்ற எட்டும் ஒவ்வொன்றாகக் கடைக்கு வந்து போயின. ஒரு நாள்கூட, ஒரு நோயாளிக்குக்கூட முறை தவறவில்லை. ஞாயிற்றுக்கிழமை மையத்துக்கு விடுமுறை. டயர் கடைக்காரர் தன் வண்டியைக் கொடுக்க, கணவர் ஓட்டிப்போய் ஒன்றை இறக்கி இன்னொன்றை ஏற்றிவருவார். நடுவில் அவருக்கு ஒரு சரக்குக் கம்பெனியில் ஓட்டுநர் வேலையும் கிடைத்தது. சேரும்போதே அவர் போட்ட ஒரே நிபந்தனை, ஞாயிற்றுக்கிழமை வண்டி எடுக்கமாட்டேன் என்பதுதான்.

ஐந்தாவது நாற்காலி முடிந்த சமயம், செயலாளர் சொல்லிவைத்திருந்த புது நாற்காலிகள் நாலும் வந்து இறங்கின. பளபளவென்று, பொத்தானைத் தட்டினால் தானாகச் சாயும் ரகம். நாலு கட்டில்களையும் அகற்றிவிட்டு அவற்றைப் போட்டார்கள். அப்புறம்தான் கூத்து. காலை முறைக்கு வருகிறவர்கள் ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு வந்து, சாம்பல் நிற நாற்காலிகளில் துண்டைப் போட ஆரம்பித்துவிட்டார்கள். தலையணைப் பெரியவருக்கும் இன்னொருவருக்கும் வாய்ச்சண்டையே வந்துவிட்டது.

"உங்களுக்குப் புதுசு இருக்குல்ல, அதுல போய் உக்காருங்களேன்!"

"புதுசுல நீங்க உக்காருங்க. அதுல கைப்பிடி ஏறவும் மாட்டேங்குது, இறங்கவும் மாட்டேங்குது. எனக்குச் சீட்டக்கா சீட்டுதான் வேணும்."

கடைசியில் சிஸ்டர் பள்ளிக்கூடம் மாதிரி முறைப் பட்டியல் எழுதிச் சுவரில் ஒட்ட வேண்டியதாயிற்று. புது நாற்காலிக்குச் சர்வீஸ் பார்க்க வந்த கம்பெனி ஆள், சாம்பல் நாற்காலி ஒன்றைச் சுற்றிச் சுற்றி வந்தார். கைப்பிடிப் பின்னைக் கழற்றி மாட்டினார். செல்போனில் நாலு பக்கமும் படம் எடுத்தார். "இது எந்தக் கம்பெனி தயாரிப்பு?" என்று கேட்டார்.

"டயர் கடைக்குப் பக்கத்துக் கம்பெனி" என்றார் வாத்தியார், கண்ணைத் திறக்காமலே.

ஒன்பதும் முடிந்த வாரம், செயலாளர் அக்காவைக் கூப்பிட்டனுப்பினார். நுழைவாசலில் நன்கொடையாளர் பலகை ஒன்று மாட்டப்போகிறார்கள். இடது பக்கம் பெயர், வலது பக்கம் கொடுத்த தொகை. அக்காவின் பெயரும் வர வேண்டும் என்று எல்லோரும் ஒரே குரலில் சொல்லிவிட்டார்கள். வலது பக்கம் என்ன போடுவது என்றுதான் தெரியவில்லை.

"கூலியைக் கணக்குப் போட்டு ஒரு தொகை எழுதிடலாமாம்மா?"

அவர் எழுதி வைத்திருந்த பட்டியலை அவள் பார்த்தாள். பெரிய பெரிய எண்கள். மூன்று மாதத்துக்கு முன்னால் என்றால் கூசிக் குறுகியிருப்பாள். இப்போது அப்படி ஒன்றும் தோன்றவில்லை. கொடுத்தவர்கள் கொடுக்க முடிந்ததைக் கொடுத்திருக்கிறார்கள். அவளும் அதைத்தான் செய்திருக்கிறாள்.

"பணம் நான் குடுக்கலையே சார். குடுக்காததை எழுதக் கூடாது. ஒன்பது நாற்காலின்னு போடுங்க."

செயலாளர் அப்படியே எழுதிக்கொண்டார்.

"அப்புறம், அவர் பேரையும் சேர்த்துப் போடுங்க. ஓட்டையும் பின்னும் அவரோடது."

அந்தப் பலகை மாட்டிய அன்று கணவர் ஏதோ வேலையாகப் போவதுபோல அந்த வாசல் வழியாக மூன்று தடவை போய்வந்தார் என்று சிஸ்டர் பிற்பாடு சொல்லிச் சிரித்தாள்.

புது நாற்காலிகளுக்கும் அதே மாதிரிக் கைப்பிடி வைத்துத் தரச் சொல்லிக் கேட்டிருந்தார்கள். ஒரு திங்கட்கிழமை காலை, அளவு சரிபார்க்க அக்கா கூடத்துக்குள் போனபோது, அன்றுதான் முதன்முதலாக டயாலிசிஸுக்கு வந்த ஒரு பெண் அங்கே நின்றுகொண்டிருந்தாள். முப்பது வயதுகூட இருக்காது. குழாய்களையும் மெஷினையும் பார்த்துவிட்டு, உட்காராமல், கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். கூட வந்த அவள் அம்மா கெஞ்சிக்கொண்டிருந்தாள். சிஸ்டருக்கு இரண்டு பேருக்கு ஊசி ஏற்றும் வேலை.

"அக்கா, கொஞ்சம் பார்த்துக்கறீங்களா?" என்று கண்ணைக் காட்டினாள்.

அந்தப் பெண் அக்காவை நர்ஸ் என்றே நினைத்துவிட்டாள். "ரொம்ப வலிக்குமா?" என்று கேட்டாள்.

அக்காவுக்குப் பொய் சொல்ல வராது. "ஊசி வலிக்கும்மா. அது எனக்குத் தெரியாது, சிஸ்டரைத்தான் கேக்கணும். ஆனா முதுகு வலிக்காது, கை கடுக்காது, கால் மரத்துப் போகாது. அதுக்கு நான் பொறுப்பு. இந்தா, இப்படி வந்து உக்காரு."

அந்தப் பெண் தயங்கித் தயங்கி உட்கார்ந்தாள். அக்கா பின்னை உருவினாள். ஒரு ஓட்டை இறக்கிப் பார்த்தாள்; தோள் இன்னும் தூக்கியிருந்தது. இன்னொன்று இறக்கினாள். தோள் தளர்ந்தது. முழங்கையை எடுத்துப் பள்ளத்தில் வைத்தாள். அந்தக் கை முதலில் விறைப்பாக இருந்தது. பிறகு, தன் எடையைத் தானே இறக்கிவைப்பதுபோல, மெல்ல அமர்ந்தது.

"இப்ப எப்படிம்மா இருக்கு?"

"நல்லா இருக்கு" என்றாள் அவள், கொஞ்சம் ஆச்சரியத்தோடு.

சிஸ்டர் கை கழுவிக்கொண்டு வந்தாள். அக்கா விலகி வழிவிட்டாள். இடுப்பிலிருந்து டேப்பை உருவிக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி, அடுத்த நாற்காலிக்கு நடந்தாள்.